வெந்நீரில் வாய் திறந்த பெட்டி

அன்பு மகள் சத்தியபிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே குளிருக்கு அடங்கி நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் கூடவே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் தாரணிக்குட்டியும் அந்த வெயில் ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்று பூம்பாறை முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது இதை எப்படிச் சொல்வது. தேவசேனா அக்காவின் மருமகன் புதன்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் பையில் ஒரு கிலோ மலைப்பூண்டும் இந்தக் கடிதமும் வருகின்றன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

போன வாரம் அப்பா உனக்கு ஒரு வெள்ளி ரூபாயின் போட்டோ அனுப்பினாரே, நீ கூடக் கட்டைவிரல் தூக்கிய படம் போட்டாயே, அதன் கதைதான். கோயம்புத்தூரிலிருந்து பொன்னுவேல் என்று ஒரு ஆள், நாணயம் வாங்கி விற்பவராம், அப்பாவைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் ராஜா ரூபாய். ராஜா போட்டிருக்கும் சங்கிலியில் யானையைச் செதுக்கப் போய் அது பன்றி மாதிரி தெரிந்துவிட்டதாம், சனங்கள் கோபப்பட்டதால் அடுத்த வருஷமே மாற்றிவிட்டார்களாம், அதனால் அதற்கு மவுசு. அமெரிக்காவில் ஒரு கம்பெனி நாணயத்தைச் சோதித்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவது மாதிரி மார்க் போட்டு, நம்பர் ஒட்டி, உடைத்தால் ஒழிய திறக்க முடியாதபடி பெட்டிக்குள் மூடித் தருமாம். இதற்கு எழுபதுக்கு அறுபத்து நான்கு மார்க். அப்பா போனில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தார், கம்பெனிக்காரர்களின் இணையப் பக்கத்தில் அதே ரூபாய், அதே மார்க் வந்தது. அதோடு அவர் மயங்கிவிட்டார்.

அந்த ஆள் பதிலுக்குக் கேட்டது பணம் இல்லை, அப்பாவின் சிலோன் காசு ஆல்பம். நம் காலனியில் எழுபதுகளில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இறங்கிய குடும்பங்களிடம் செலவாகாமல் மீந்த காசை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, சதுர அஞ்சு சதம், பூப்போல ஓரம் வளைந்த ரெண்டு சதம் என்று அறுபத்திரண்டு காசு சேர்த்து, ஒவ்வொன்றின் கீழும் கொடுத்தவர் பேரும் எந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார்கள் என்பதும் எழுதி வைத்திருக்கிறாரே, அதுதான். அதில் நான்கைந்து அபூர்வமானவை, அவற்றுக்காகத்தான் வந்திருக்கிறான் என்று இப்போது புரிகிறது. அண்ணே, பெட்டிய ஒரு வாரம் வச்சு நல்லாப் பாருங்க, ஞாயித்துக்கெழம வந்து ஆல்பத்த வாங்கிக்கிறேன்னு தேன் ஒழுகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அப்பா, நம்ம காசுக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா, இதுல சர்டிபிகேட்டே இருக்குல்ல, புள்ளைக்கு உருப்படியா ஒண்ணாச்சும் வச்சிட்டுப் போறேன் என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனி நான் செய்த கூத்தைக் கேள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, வீட்டுக்கு வந்த புதுப் பொருள் சும்மா இருக்கிறதே என்று அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமமும் இட்டேன். மிக்சிக்கு வைத்தேன், உன் அப்பாவின் முதல் லாரிக்கு வைத்தேன், இதற்கு மட்டும் வைக்காமல் விடுவேனா. சனிக்கிழமை வெள்ளனே பார்த்தால் சந்தனம் காய்ந்து ராஜா தலையையே மறைத்துக்கொண்டு நிற்கிறது. துணியால் துடைத்தேன், போகவில்லை. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத குளிர், அதனால் குளிக்கப் போட்டிருந்த வெந்நீரில் பெட்டியை ஒரு முக்கு முக்கினேன். சத்தியா, என்ன நடந்தது தெரியுமா. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பசை ஊறிக் கிளம்பியது, பெட்டி வாயைத் திறந்துகொண்டது, வானவில் போல மின்னிய முத்திரையின் சாயம் என் விரலில் ஒட்டியிருக்கிறது. பிறத்தியார் பொருள், இன்னும் நம் கைக்கு முழுதாக வரவில்லை, என்ன பதில் சொல்வேன். நனைந்த போனை அரிசியில் போட்டால் சரியாகும் என்று நீ ஒரு தரம் சொன்னாயே, அதே நினைப்பில் அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேரட் நறுக்க உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு அப்பா தேட ஆரம்பித்தார். அலமாரி, டிரங்குப் பெட்டி, கட்டிலுக்கடி எல்லாம் கலைத்துவிட்டு, அடியே, இங்க வெரசா வா, பெட்டி எங்க கெடக்குன்னு சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அரிசி டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல திட்டு விழும் என்று நின்றால், மனுஷன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திறந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்நீருக்கெல்லாம் இது திறக்கக்கூடாதேடி, ஒட்டுப்பசை எப்படி வந்துச்சு, அமெரிக்காக்காரன் பசை போடாம பிளாஸ்டிக்கையே உருக்கில்ல மூடுவான் என்றார். பிறகு போனில் கம்பெனிக்காரர்கள் போட்டிருந்த படத்தை விரலால் பெரிசாக்கி, பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படத்தில் இருக்கும் ராஜாவின் கன்னத்தில் பொடிக் கீறல் ஒன்று, நம் கையில் இருந்ததில் அது இல்லை. நம்பர் நிஜம், அந்த நம்பருக்குரிய ரூபாய் வேறு எங்கோ யார் வீட்டிலோ இருக்கிறது, இது அதன் நம்பரைத் திருடி ஒட்டிய போலிப் பெட்டி. சந்தேகம் தீர ஆசாரி முருகவேல் கடைத் தராசில் வைத்தால், பதினொன்றரை கிராமுக்கு மேல் நிற்க வேண்டிய ரூபாய் பத்தைக்கூடத் தொடவில்லை. முருகவேல் உரசிப் பார்த்துவிட்டு, மேல மட்டுந்தான் வெள்ளி என்றாராம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கெடுத்துவிட்டேனே என்று நடுங்கியவளுக்கு, கெடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு அதே அரிசியை நாலு தண்ணீர் கழுவிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுவேல் வந்தான். அப்பா பெட்டியை முன்னால் வைத்து, தம்பி, இது சரியில்ல, எடுத்துக்கங்க என்று மட்டும் சொன்னார். எனக்கு நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது, அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார். அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அண்ணே, நானும் ஏமாந்துதான் வாங்கியிருக்கேன் போல என்றான். நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் மூடுபனியில் நடுங்கிக்கொண்டு வந்தவன், நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனான். நம் வீட்டில் அப்படிப் போன ஆள் இவன் ஒருவன்தான்.

அவன் போன பிறகு அப்பா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். காளியாயி, சேனாதிபதி, குப்பம்மாள், பாதிப் பேர் இப்போது இல்லை. பதினேழாவது என் அப்பா அழகையா, அவர் கொடுத்தது ஒரு ரெண்டு சதம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு உன் அப்பா என்னைப் பார்த்ததைவிட அந்த ரெண்டு சதத்தைத்தான் அதிகம் பார்த்தார். அதுவும் அந்த ஆளோடு கோயம்புத்தூருக்குப் போயிருக்கும், நானும் பேசாமல் இருந்திருப்பேன். நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது, பிறகு ஆல்பம் இங்கேதானே இருக்கிறது என்று மனசு ஆறிவிடுகிறது.

இனிச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம், கோபித்துக்கொள்ளாதே. உயிராக வைத்திருந்ததை எப்படிக் கொடுக்கத் துணிந்தீர்கள் என்று அவரைக் கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் நீ லீவில் வந்தபோது ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, இதையெல்லாம் எடைக்குப் போட்டா ஒரு டீ குடிக்கலாமாப்பா என்று சிரித்தாயாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். உனக்கு நினைவே இருக்காது, விளையாட்டுப் பேச்சு. அவர் உன்மேல் குறையாகச் சொல்லவில்லை, புள்ள சொன்னது நெசந்தானே என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை இரண்டு வருஷம் மனசுக்குள் வைத்திருந்துதான், உனக்குப் பெறுமானமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று அந்தப் பெட்டியின் பின்னால் போயிருக்கிறார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், தாரணிக்கு ஆயிரம் முத்தம். ஏசியை விடிய விடிய ஓடவிடாதே, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். பூண்டைக் காற்றுப் படும்படி தொங்கவிடு. அடுத்த தடவை பேசும்போது, அந்த ஆல்பம் எனக்கு வேண்டும் அப்பா, யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று நீயாகக் கேள். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. நாள் தள்ளாதே சத்தியா, அடுத்து வருகிறவன் கேட்டாலும் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆல்பம் மேசைமேலேயே இருக்கிறது. அலமாரியில் வைத்துவிடட்டுமா என்று கேட்டால், இருக்கட்டும் என்கிறார்.

உன் அம்மா,
சின்னத்தாய் யோகராஜ்