எவரிஸ்துவின் நாலாவது வரி

1974 ஜூன் 3

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் இராசி எழுதுகிறாள்.

என் பாட்டுக் கூட்டாளி எவரிஸ்துவை நாற்காலியில் உட்காரவைத்து எங்கள் குன்றின் மேலே தூக்கி வந்தோம். ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வழியில் ஒருத்தி அவன் போட்ட சம்பாப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே துணி துவைத்தாள். கேட்டான். சிரிக்கவில்லை. ரியோவில் எந்த ரேடியோவைத் திருகினாலும் அவன் பாட்டு. அவனிடம் குரல் இல்லை.

ஜூன் 5

மீன் சந்தையில் கூடை சுமந்த நாளிலிருந்தே எங்கள் வழக்கம் இது: பாட்டின் முதல் பாதி அவன், இரண்டாம் பாதி நான். இரண்டு பேருக்கும் எழுத்தும் தெரியாது, ஸ்வரமும் தெரியாது, எல்லாம் தலைக்குள்தான். பெரிய பெரிய பாடகர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தச் சேற்றில் ஏறி வருவார்கள், அவன் பாட்டுக்காக.

இன்று தீப்பெட்டியில் தாளம் தட்டினான். உதட்டை அசைத்தான், கையை ஏற்றி இறக்கினான். புது சம்பா! தொண்டையை வெட்டுவதற்கு முன்பே போட்டு வைத்திருக்கிறான், பாவி.

ஜூன் 9

மூன்று வரி பிடித்துவிட்டேன். 'கதவைச் சாத்தாதே, மழையும் என்னோடு வந்திருக்கிறது...' நாலாவதற்கு அவன் கை இடப்பக்கம் கீழே போகிறது. இறக்கிப் பாடினேன். இல்லை என்று தலையசைத்தான். இன்னும் இறக்கினேன். தீப்பெட்டியை என் மூஞ்சியில் எறிந்தான்.

இடப்பக்க அடுப்படியிலிருந்து அவன் மனைவி சுல்மீரா எட்டிப் பார்த்தாள். "கிழடுங்க ரெண்டும் இன்னும் சண்டையா? பீன்ஸ் ஆறுது, வாங்கண்ணே."

ஜூன் 12

அதே கை. அதே பக்கம். என்னடா கேக்குற? எனக்கு வரலையேடா...

ஜூன் 14

விடியலில் போய்விட்டான். அந்த வரியும் போய்விட்டது.

ஜூன் 15

அடக்கம். குன்றே பாடியது. அவன் பாதிகளை ஊர் பாடியது, என் பாதிகள் வந்தபோது நான் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றேன். எவனோ முதுகில் தட்டி, "பாடு தாத்தா, அவரு கோவிச்சுக்குவாரு" என்றான்.

ஜூன் 20

ஏழாம் நாள் பூசை முடிந்து அவர்கள் வீட்டில் காப்பி. சுல்மீரா பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுத்தாள். மூன்று வரி, அப்புறம் நாலாவது. அது இறங்கவே இல்லை. ஏறியது.

"இது உனக்கு எப்படிம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலையில எனக்குப் பின்னாடி நின்னு பாடினாரு. இத்தனை வருஷத்துல எனக்குன்னு போட்டது இது ஒண்ணுதான்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் என்னைக்கு என்னைக் கேட்டிருக்கீங்க?"

அந்தக் கை ராகத்தைக் காட்டவில்லை. அடுப்படியைக் காட்டியது. அவளைக் கேள் என்றிருக்கிறான். மடையன் நான், இறக்கி இறக்கிப் பாடியிருக்கிறேன்.

ஜூலை 2

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் எவரிஸ்துவின் வீட்டுக்கு வந்திருந்தார். என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். "கடைசியா பாட்டு ஏதாவது விட்டுட்டுப் போனாரா, ஐயா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

என் பாதியை நான் இன்னும் போடவில்லை. இனி போடப்போவதும் இல்லை.

"இல்ல தம்பி," என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.