பாதிச் சுவர்

கார்வர்ஸ்ஃபோர்டு, ஐயோவா
மார்ச் 4, 1974

கிளெண்ணுக்கு,

நலமா என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேற்றுக் கடையில் திரைச்சீலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். மேயர் லோவெல் இரண்டு ஆட்களோடு நுழைந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவரை அளக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"வங்கிக்கு வண்டி நிறுத்த இடம் வேணும் வெர்னா. உன் தம்பி தன் பங்கைக் கொடுக்கச் சம்மதிச்சுட்டாரே, உன்கிட்டச் சொல்லலையா?"

துணி வாங்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா இந்தச் செங்கல் கட்டடத்தை நம் இருவருக்கும் பொதுவாகத்தானே விட்டுப்போனார்? கீழே என் பிழைப்பு, மாடியில் என் படுக்கை. அரிசோனா வெயிலில் உட்கார்ந்துகொண்டு அக்காள் தலைமேலிருக்கும் கூரையை விற்க உனக்கு எப்படி மனம் வந்தது?

வெர்னா வாஸ்

ஃபீனிக்ஸ், அரிசோனா
மார்ச் 13, 1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அதுதான் உண்மை. நாம் மறுத்தால், பழுதடைந்த கட்டடம் என்று நகரமன்றமே இடித்துவிடும் என்றான் லோவெல். மெயின் தெருவில் இப்போது யார் துணி வாங்குகிறார்கள்? எல்லோரும் நெடுஞ்சாலைக் கடைக்குத்தான் போகிறார்கள். பிடிவாதம் பிடிக்காமல் இங்கே வந்துவிடு. என் மனைவி டோரீன் உனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் எலுமிச்சை மரம்.

உன் தம்பி,
கிளெண்

கார்வர்ஸ்ஃபோர்டு
ஏப்ரல் 10, 1974

கிளெண்,

உன் மரம் உன்னோடு இருக்கட்டும். நேற்று நகரமன்றக் கூட்டம். நம் சுவர் மக்கிப்போய்விட்டது, யார் தலையிலாவது விழும் என்று லோவெல் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி எழுந்துவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து எழுந்தவள் யார் தெரியுமா? பக்கத்துக் கட்டடத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஓபல்! நானும் அவளும் எதிரெதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போகிறவர்கள்.

"வெர்னா வாய் எனக்கும் ஆகாதுதான்," என்றாள். "ஆனா நடுச்சுவரு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அதுல கை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஏன் மேயர், தினம் அந்தச் சுவர்ல சாஞ்சுக்கிட்டுத்தானே என் கடை ஆப்பிள் பலகாரத்தைத் தின்னுறீங்க? அப்பல்லாம் மக்கலையா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் மேயரின் காது சிவந்துவிட்டது. கட்டடத்தை இடிக்கும் தீர்மானம் தோற்றது. இன்று காலை வங்கியும் விலகிக்கொண்டது.

வெளியே வந்து ஓபலுக்கு நன்றி சொன்னேன். "உனக்காகப் பேசலை, என் அடுப்புக்காகப் பேசுனேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகட்டும், நியாயமாகப் பேசினாள்.

விற்கத் துணிந்த உன் பாதி, உன் தலையிலேயே திரும்ப விழுந்திருக்கிறது. பின்புறச் சுவரில் செங்கல் இடுக்கெல்லாம் சாந்து உதிர்ந்து கிடக்கிறது. அதைப் பூசாமல் இன்னொரு குளிர்காலம் தாங்காது. ஜூனில் வா. உன் பாதியை நீதான் பூச வேண்டும். பூசி முடிக்கும்வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். சாப்பாட்டுக்கு ஓபலிடம் போய் நில்.

அக்கா