திறந்து வைத்த பொடி டப்பி

சங்கரன்கோவில்,
12-8-1944

அன்புள்ள கைலாசநாதனுக்கு, நெல்லைநாயகம் ஆசையோடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது.

நான் சௌக்கியம். நீர் சௌக்கியமா என்று கேட்க இஷ்டமில்லை, ஆனாலும் கேட்கிறேன். பதினான்கு வருஷமாகத் தினம் சாயங்காலம் என் மூக்குப்பொடிக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் வாசித்த மனுஷன், ஊரை விட்டுப் போகிறபோது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உம் அறைக்கு வேறு ஆள் குடிவந்த பிறகுதான், நீர் வாசுதேவநல்லூருக்கு, மகள் முத்துமீனாள் வீட்டுக்குப் போன சேதி எனக்குத் தெரியும். நல்ல சிநேகிதம் வே! ஆடித் தபசுத் திருவிழாவுக்காவது வருவீர் என்று இருந்தேன். அந்தக் கூட்டத்தில் யார் இடது காலைச் சாய்த்து நடந்தாலும் நீர்தானோ என்று எட்டி எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கடை விசேஷம் கேளும். புகையிலை வரியைக் கூட்டிவிட்டார்கள் என்று நீர்தான் ஒருநாள் வாசித்துச் சொன்னீர். மண்டிக்காரர் தங்கப்பழத்திடம் ஏதாவது குறைத்துக் கொடும் என்று கேட்டேன். "உங்களுக்கு வேண்டாம்னா விடுங்க அண்ணாச்சி, ராஜபாளையத்துக்காரன் எடுத்துக்கிட்டுப் போறான்" என்றார். காலணாப் பொடி மட்டையை அரையணாவாக்க முடியுமா? எவன் கொடுப்பான்? மட்டையில் பொடியைக் குறைத்துப் பார்த்தேன். நாலே நாளில் பாதிப் பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். மறுபடி பழைய அளவே போட்டுக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தேன்.

கடைசியில் எவனுக்கும் நோகாமல் ஒரு வழி கண்டுபிடித்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் சும்மா ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளப் பலகையில் பித்தளை டப்பி திறந்து கிடக்குமே, அதை ஆனி மாசத்தில் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். வரி அதிலேயே சரிக்கட்டிப் போயிற்று. என் சாமர்த்தியத்தை நீராவது மெச்சும்.

பெஞ்சில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. உடனே பதில் எழுதும்.

உம்
நெல்லைநாயகம்

வாசுதேவநல்லூர்,
22-8-1944

பிரியமுள்ள நெல்லைநாயகத்துக்குக் கைலாசநாதன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சௌக்கியம். முத்துமீனாளும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். எனக்குக் கை நடுக்கம் அதிகம். ஊரார் பத்திரமெல்லாம் எழுதிய கை, இப்போது ஒரு கார்டு எழுத மூன்று நாள் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

சொல்லாமல் வந்தது தப்புதான். அவசரமாகக் கிளம்பும்படி ஆயிற்று.

வரியை நீர் சமாளித்த விதம் கெட்டிக்காரத்தனம்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன். தங்கப்பழம் கொடுக்கவில்லை, மட்டை வாங்குகிறவன் கொடுக்கவில்லை, நீரும் கொடுக்கவில்லை. சர்க்காருக்கோ பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் அதைக் கொடுத்தது யார்?

நான் பொடியை விட்டுவிட்டேன். மூக்கு சுகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கைலாசநாதன்

சங்கரன்கோவில்,
4-9-1944

அன்புள்ள கைலாசநாதனுக்கு,

உம் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் முதலில் நினைத்தேன். குசும்பு பிடித்த மனுஷன் என்று வாய்விட்டுத் திட்டினேன். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன், அதனால் நானே கேட்டுக்கொண்டேன்.

பிறகு யோசித்தேன். சர்க்கார் வரி போட்டது புகையிலைக்கு. தங்கப்பழத்துக்கு வேறு வியாபாரி இருக்கிறான்; அவர் மேல் அது நிற்கவில்லை, என்னிடம் வந்தது. நான் வாடிக்கைக்காரர்களிடம் தள்ளினேன். அவர்களுக்கு வேறு கடை இருக்கிறது. திரும்பவும் என்னிடமே வந்தது. போக இடம் உள்ளவன் எல்லாம் உதறிவிட்டுப் போகிறான். நானும் உதறத்தான் பார்த்தேன். காசு கொடுக்காமல் எடுக்கிறவன் எந்த வாயோடு சண்டைக்கு வருவான்? அவன் தலையில் வைத்தேன்.

எவனுக்கும் நோகாமல் என்று எழுதினேனே, அது பொய் வே. ஆனியில் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நீர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கத்தில் பலகைக்குக் கை நீட்டினீர். கை வெறும் பலகையைத் தடவிற்று. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீர் அந்தப் பத்தியை முடிக்காமலே பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போனீர். உமக்கு மட்டுமாவது உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். பாவி, செய்யவில்லை.

போன வெள்ளிக்கிழமை டப்பியைத் திரும்பப் பலகையில் வைத்தேன். ஒருவரும் வரவில்லை. மற்றவர்கள் ரயிலடிப் பக்கம் உட்கார்ந்து பழகிவிட்டார்களாம். பொடி காய்ந்து போகிறதே என்று நானே எடுத்துப் போட்டுத் தும்மிக்கொண்டிருக்கிறேன். வாரும் வே. வரமுடியாவிட்டால் சொல்லும், நான் அங்கே வருகிறேன்.

நெல்லைநாயகம்

வாசுதேவநல்லூர்,
16-9-1944

பிரியமுள்ள நெல்லைநாயகத்துக்கு,

உம் பேரில் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, இப்போது இல்லை.

எனக்கு மட்டும் நீர் எடுத்துக் கொடுத்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன். டப்பி திறந்து கிடந்தவரைக்கும் யார் எடுத்தார், எத்தனை தரம் எடுத்தார் என்ற பேச்சே கிடையாது. நானும் நாலு பேரில் ஒரு ஆளாக இருந்தேன். கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பத்திர வேலை இல்லை என்பது உமக்கே தெரியாது. ஒரு மட்டை வாங்கவும் வழியில்லாமல்தான் இருந்தேன். அந்தப் பெஞ்சு ஒன்றுக்காகத்தான் அந்த ஊரில் இருந்தேன். அதுவும் இல்லை என்றானபோது கிளம்பிவிட்டேன். இங்கே என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாக வந்தேன்.

நீர் இங்கே வரவேண்டாம். நீர் வந்தால், இவருக்கு ஒரு வாய் காப்பி கொடு என்று சொல்ல இந்த வீட்டில் எனக்கு நாக்கு எழாது. முத்துமீனாள் நல்ல பிள்ளைதான். அவள் கையிலும் ஒன்றும் இல்லை.

பொடியை விட்டதாக எழுதியதும் பொய். சில நாள் பஸ் நிற்கிற இடத்தில் ஆறுமுகத்தாயின் காப்பிக்கடை பெஞ்சில் போய் உட்காருவேன். யாராவது பொடி போட்டால் வாசனை வரும். கேட்கமாட்டேன்.

கைலாசநாதன்

சங்கரன்கோவில்,
25-9-1944

கைலாசநாதனுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வாரேன். வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதேயும். காப்பிக்கடை பெஞ்சில் மத்தியானம் முதல் இருப்பேன். பேப்பரும் கொண்டுவாரேன். நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். ஒரு அரைமணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போம் வே.

நெல்லைநாயகம்

சங்கரன்கோவில்,
30-9-1944

அன்புள்ள கைலாசநாதனுக்கு,

நேற்று வந்திருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ், புளியங்குடியிலேயே நின்றுவிட்டது. ஆளெல்லாம் இறங்கித் தள்ளினோம். ஒரு மணிக்கு வந்து சேர்ந்து, ஆறுமுகத்தாய் கடையில் மூன்று காப்பி குடித்தேன். நீர் வரவில்லை. ஏதாவது வேலை வந்திருக்கும். அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

மூன்றரை மணி இருக்கும். மலைப்பக்கமிருந்து ஒரு ஆள் தலையில் பெரிய புல்லுக்கட்டோடு வந்தார். சட்டை இல்லை. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். என்னைக் கண்டதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்து மறைவில் அப்படியே நின்றுவிட்டார். எனக்கோ நேரே கண்ணில் வெயில். அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் துடைத்தேன். மாட்டிக்கொண்டு பார்த்தபோது அங்கே ஆள் இல்லை. யாரோ தெரியவில்லை. முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பஸ் ஏறுகிறபோது பித்தளை டப்பியை நிறைத்து அந்தக் கடைப் பலகையில் திறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆறுமுகத்தாயிடம், "இது இன்னாருக்குன்னு இல்ல தாயி. இங்கன வந்து உட்காருதவங்க எல்லாரும் எடுத்துக்கிடட்டும். யாரு எடுத்தான்னு பாக்காதீங்க" என்று சொன்னேன். "இம்புட்டு வரி போட்டிருக்கிற காலத்துல சும்மாவா குடுக்கீக?" என்று சிரித்தாள். வரி என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பதினைந்து நாளைக்கு ஒருதரம் கண்டக்டரிடம் பொடி கொடுத்தனுப்புவேன். பேப்பரையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உமக்குக் கை நடுங்கும். ராத்திரி மட்டும் டப்பியை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் திறந்துதான் கிடக்கும்.

உம்
நெல்லைநாயகம்