இடது காலுக்குரிய மூன்று செங்கற்களைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
பெ. ஞானசேகரன்,
உடற்பயிற்சி ஆசிரியர், ஆஸ்டின் டவுன்,
தற்சமயம்: கட்டில் எண் 15, ஆண்கள் எலும்பு முறிவு வார்டு.

பெறுநர்:
டாக்டர் சீனிவாசராகவன் அவர்கள்,
மருத்துவக் கண்காணிப்பாளர்,
மேற்படி மருத்துவமனை, பெங்களூர்.

பொருள்: ஆயுதம் எனக் காவல்துறை கைப்பற்றிய சிகிச்சைச் சாதனங்களை மீட்பதும், நோயாளியைக் காவலாளிகளிடமிருந்து காப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் வீட்டில் தமிழ் பேசுபவர் என்று வார்டு சிஸ்டர் யூனிஸ் சொன்ன துணிவில் இதைத் தமிழில் எழுதுகிறேன். கன்னட நகல் தனியே வரும். மல்லாந்து படுத்தபடி எழுதுவதால் வரிகள் கோணலாகப் போகின்றன. மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம்.

1. சென்ற மாதம் 28ஆம் தேதி காலை, பள்ளிக்குச் சைக்கிளில் சென்ற என்னை ஓர் ஆட்டோ இடித்ததில் இடது தொடை எலும்பு இரண்டாயிற்று. முழங்காலுக்குக் கீழே எலும்பில் கம்பி செருகி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள கப்பி வழியாக எடை தொங்கவிட்டார்கள். ஆறு வாரம் அது இழுத்துக்கொண்டே இருந்தால்தான் எலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நேராகக் கூடும் என்றார் வார்டு டாக்டர். ஸ்டோரில் இரும்பு எடை இல்லை. ஆகவே வாங்கி வர வேண்டியவற்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: பஞ்சு ஒரு கட்டு, பேண்டேஜ் நான்கு, செங்கல் மூன்று. முதல் இரண்டும் மெடிக்கல் ஷாப்பில் கிடைத்தன. செங்கற்களை என் மனைவி நோரா எங்கள் காம்பவுண்டுச் சுவரிலிருந்து பெயர்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்திக் கொண்டுவந்தாள். இந்த வார்டில் எல்லாக் கால்களும் அவரவர் வீட்டுச் சுவரைத்தான் நம்பியிருக்கின்றன.

2. 9.8.98 ஞாயிறு மாலை, பார்வையாளர் நேரம். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ் என்பது தங்கள் விதி. பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் பாலசுப்ரமணியனைப் பார்க்க வந்த மைத்துனர் ரங்காவிடம் பாஸ் இல்லை. கேட்டில் இருந்த காவலாளி சேஷகிரி, அவர் முதுகில் தடியால் நான்கு அடி கொடுத்துவிட்டுப் பிறகு பாஸ் கேட்டார். ரங்கா வார்டுக்குள் ஓடிவந்தார். பின்னாலேயே ஐந்து காவலாளிகள் வந்தார்கள். உள்ளே, ஒரே பாஸில் வந்திருந்த அவருடைய உறவினர் ஏழு பேர் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

3. அடுத்த பத்து நிமிடத்தில் தங்கள் மருத்துவமனைப் பொருள்களின் தரம் வெளிப்பட்டது. சலைன் ஸ்டாண்ட் வளையவில்லை. மண்டைதான் பிளந்தது. எனாமல் பெட்பான் ஒரே அடியில் ஒரு மூக்கைத் தட்டையாக்கியது. உடைந்த குளுக்கோஸ் பாட்டில் ஒருவருடைய கன்னத்தைக் கிழித்ததில், அவர் வாயை மூடியிருந்தும் பற்கள் தெரிந்தன. காவலாளிகள் ரங்காவைத் தரையில் கிடத்தி வலது கை விரல்களைப் பூட்ஸால் ஒவ்வொன்றாக மிதித்தார்கள். எலும்பு முறியும் ஓசையை நான் அண்மையில்தான் கேட்டிருந்தபடியால் எண்ண முடிந்தது. நான்கு. அவர் எழுந்து, இடது கையால் என் கால்மாட்டில் செங்கற்களோடு தொங்கிய பையைப் பற்றினார். "அண்ணா, ஒரு நிமிஷம் குடுங்க" என்று அனுமதி கேட்டது உண்மை. பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பை கழன்ற கணமே எலும்பின் இரு முனைகளும் சதைக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நான் போட்ட கூச்சலில் இரு தரப்பாரும் சண்டையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். பிறகு தொடர்ந்தார்கள். முதல் செங்கல் சேஷகிரியின் நெற்றியில் விழுந்தது, பதினொரு தையல். இரண்டாவது ஜன்னலுக்குப் போயிற்று. மூன்றாவதைக் காவலாளிகள் பிடுங்கித் திருப்பி எறிந்தார்கள். அது குறி தவறி, எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த நோயலின் தாடையை உடைத்தது. கை முறிவு குணமாகி, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர் அவர்.

4. சப்-இன்ஸ்பெக்டர் செங்கற்களை ரத்தம் காயுமுன் மூட்டையாகக் கட்டி, "யாருதுங்க இது?" என்றார். வார்டில் இருந்த முப்பது பேரும் உடைந்த ஜன்னலைப் பார்த்தார்கள். சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்தும் நோரா மட்டும் எழுந்து, "எங்களுதுதான் சார். நான்தான் வீட்லேருந்து கொண்டுவந்தேன்" என்றாள். ஆயுதங்களை முன்கூட்டியே கொண்டுவந்து பதுக்கியதாக நான் அந்த அடிதடி வழக்கில் நான்காம் எதிரி ஆனேன். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினேன். செங்கல் எந்தக் கம்பெனி மருந்து என்று அவர் கேட்டார். காலில் கம்பி செருகப்பட்டுள்ள நான் தப்பி ஓடிவிடாதிருக்க, 11ஆம் தேதி மதியம் முதல் கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிளை அமர்த்தியிருக்கிறார்கள்.

5. செங்கற்கள் வழக்கு முடியும்வரை நீதிமன்றச் சொத்து என்கிறது காவல் நிலையம். இரும்பு எடைக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியாயிற்று என்கிறது ஸ்டோர். 10ஆம் தேதி தாங்கள், செங்கல், கல், தேங்காய் ஆகியவற்றை வளாகத்துக்குள் கொண்டுவரத் தடை விதித்தீர்கள். வார்டு கேட்பதைக் கேட் தடுக்கிறது. இரண்டுக்கும் தங்கள் கையெழுத்தே ஆதாரம். 11ஆம் தேதி வேறு இரண்டு செங்கற்களோடு வந்த நோராவைக் கேட்டில் மடக்கி, மணிக்கட்டில் தடியால் அடித்தார்கள். இப்போது அவள் கையில் மாவுக்கட்டு. இதுவல்லாமல், கான்ஸ்டபிள் வரும்வரை, சேஷகிரியின் சகாக்கள் டூட்டி மாறும்போதெல்லாம் என் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைத்துள்ள மரக்கட்டைகளை உதைத்துத் தள்ளினார்கள். கட்டில் சரியும்போது கம்பி எலும்பை உலுக்கும். இரண்டு முறை நினைவிழந்தேன். அதே 11ஆம் தேதி டாக்டர் டேப்பால் அளந்தார். இடது கால் ஓர் அங்குலம் குறைந்திருந்தது. பத்து நாள் இப்படியே விட்டால் குட்டையாகவே கூடிவிடும், பிறகு மீண்டும் உடைக்க வேண்டிவரும் என்றார். நொண்டும் உடற்பயிற்சி ஆசிரியரை வைத்துக்கொள்ள இயலாது என்று பள்ளி நிர்வாகம் பழங்களோடு வந்து தெரிவித்துச் சென்றது.

6. அன்று மாலை கான்ஸ்டபிள் என் முனகல் பொறுக்காமல், கயிற்றின் நுனியைத் தன் பெல்ட்டில் கட்டிக்கொண்டு நாற்காலியோடு பின்னுக்குச் சாய்ந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாயுங்க" என்று மட்டும் சொன்னார். கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போனால் சிஸ்டர் யூனிஸ் பிடித்துக்கொள்கிறார். இரவு டூட்டிக்காரரும் கற்றுக்கொண்டுவிட்டார். சற்றுக் கனமானவர், இழுப்பு நன்றாக இருக்கிறது. இன்று காலை அளந்ததில் குறை அரை அங்குலம்தான். போலீஸ் இருப்பதால் உதையும் நின்றிருக்கிறது. நேற்று ஒரு காவலாளி குனிந்து, "போலீஸ் எத்தனை நாளைக்கு மாஸ்டர்? ஜாமீன் வந்துடுமே. இன்னொரு கால் சும்மாத்தானே இருக்கு?" என்று நலம் விசாரித்தார்.

ஆகவே ஐயா, செங்கல் தங்கள் மருத்துவமனை எழுதிக் கேட்ட சிகிச்சைச் சாதனம் என்று காவல்துறைக்குச் சான்று தர வேண்டும். எங்கிருந்தாவது எட்டுக் கிலோ எடை தர வேண்டும். அந்தக் காவலாளிகளை வார்டுக்குள் விடக் கூடாது.

இவை நடக்க நாளாகும் என்பதை அறிவேன். ஆனால் ஆசிரியர் சங்கம் எனக்காக ஒரு நல்ல வக்கீலை அமர்த்திவிட்டது. நாளை 14ஆம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. வெற்றி உறுதி என்கிறார். வென்றால் மாலையே கான்ஸ்டபிள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். ஜாமீன் வேண்டாம் என்று வக்கீலிடம் எவ்வளவோ மன்றாடியும் மயக்க மருந்தின் பேச்சென்று எண்ணுகிறார். எனவே, கட்டில் எண் 15இல் இருப்பவன் மிகவும் ஆபத்தானவன், இன்னும் நான்கு வாரத்துக்குக் காவல் இல்லாமல் விடக் கூடாது என்று நீதிமன்றத்துக்கு இன்றே ஒரு கடிதம் எழுதி உதவுமாறு தங்களை மிகவும் பணிந்து வேண்டுகிறேன்.

இடம்: பெங்களூர்
நாள்: 13.8.1998

தங்கள் வார்டில் காவலில் உள்ள,
(ஒப்பம்) பெ. ஞானசேகரன்