வலிக்குது என்றால் என்ன

சாலை, திருவனந்தபுரம்

அன்பு மகள் திவ்யலட்சுமிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், அம்மாவும் இருக்கிறாள். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கத் தாணுமாலய சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். மக்ளே, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது சளிக்கு என்று போனில் சொன்னது பொய். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது. சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பக்கவாதத்தோடு அவளுக்கு மலையாளம் அடியோடு போனது உனக்குத் தெரியும், நாற்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசியவள், இப்போது பிறந்த ஊர்ப் பூதப்பாண்டித் தமிழ் மட்டும்தான். எனக்கு டெங்கு வந்து ஒரு வாரம் அவள் இருக்கும் நர்சிங் ஹோமுக்குப் போக முடியவில்லை, அந்த வாரத்தில்தான் குளியலறையில் விழுந்திருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, கம்பியைப் பிடித்துத் தானே எழுந்து வந்து படுத்துவிட்டாள். ரெஷ்மா என்று ஒரு நர்ஸ், கண்ணூர்க்காரி, தமிழ் தெரியாது, வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு வலிக்குது வலிக்குது என்று அழுதிருக்கிறாள். மலையாளத்தில் அது இழுக்கிறது என்று ஆகும் அல்லவா, மூச்சு இழுக்கிறது என்று நினைத்து நாலு நாள் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் நான் போய்ப் போர்வையை விலக்கினேன், கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. எத்தன நாளா சொல்லுகேன், ஒருத்தியும் கேக்கமாட்டேங்கா என்றாள். ரெஷ்மா, அங்கிளே, ஞான் அறிஞ்ஞில்லா என்று அழுதாள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். சாப்பிட்டு வரச் சொன்னார்கள், சாப்பிட்டேன். நோவுது என்று சொல்லியிருந்தால் மலையாளத்திலும் அதே அர்த்தம்தான், அதை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நர்சிங் ஹோமுக்குத் திரும்பியதும் அம்மா சொல்லும் சொற்களை மலையாள எழுத்தில் அர்த்தத்தோடு எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன், ரெஷ்மா அதைப் படம் எடுத்து எல்லா நர்சுகளுக்கும் அனுப்பினாள். இப்போது புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் வலிக்குதா அம்மா என்று தமிழிலேயே கேட்கிறார்கள். அவள் இல்லை என்று தலையாட்டுவாள். வலி இல்லாமல் இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். ஏன் மறைக்கிறாய் என்று கேட்டேன், சொன்னா மூக்குல பொக வைப்பாளுவ என்றாள். நான் அதை ரெஷ்மாவிடம் சொன்னேன். அவள் அந்தப் புகை மெஷினை அம்மா பார்க்க வெளியே தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து அம்மா அவள் கையைப் பிடித்து வலிக்குது என்றாள், மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன்.

இதற்காக லீவு போட்டு ஓடி வராதே, இனி நடக்கமாட்டாள், அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசி. ஒன்றை மறக்காதே, அம்மாவோடு பேசும்போது பள்ளிக்கூட நாள் பழக்கத்தில் மலையாளம் பேசுகிறாய், இனித் தமிழில் பேசு. போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, ஆரு அந்தப் பிள்ள, புது நர்சா என்று என்னிடம் கேட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அழகியநம்பி