நம் தெருப் பம்பைப் பற்றி

அன்பு மகள் ரேச்சலுக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஸ்வீடன் குளிரில் உன் உடம்பு எப்படி என்று எழுது. போனில் பேச ஆரம்பித்தாலே அழுதுவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

நீ சொன்ன அன்றைக்கே காலடிப்பேட்டையில் நம் தெரு முழுக்க முட்டி வலியோடு ஏறி இறங்கினேன். நம் தெருப் பம்பு நல்லது, மூலைப் பம்பில்தான் ஈயம் என்று என் பெண் ஆராய்ச்சிக் கட்டுரையில் போட்டது தப்பு, இரண்டு பம்பின் ஈய அளவு எண்களும் இடம் மாறிவிட்டன, இனி இதில் குடிக்காதீர்கள் என்று நாற்பது வாசலிலும் இதே பேச்சு. ஐரீன்தான் வழிமறித்து, இன்னா அண்ணே, ஒரு வருசமா என் கொயந்தைக்கு அந்தத் தண்ணிதானே குட்த்துக்கினு கீறேன், உன் பொண்ண நம்பித்தானே என்று கேட்டாள். மறுநாள் குழந்தையை ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போனேன். ஈயம் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், அந்தத் தண்ணீரை நிறுத்தினால் இறங்கும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஐரீன் இன்னும் பூசையில் எங்கள் முகம் பார்ப்பதில்லை. கார்ப்பரேஷன்காரர்கள் நம் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள், மூடிக்கிடக்கும் மூலைப் பம்பை மறுபடி சோதித்துத்தான் திறப்பார்களாம். லாரித் தண்ணீர் வரிசையில் அம்மாவோடு பூவம்மா மட்டும் பேசுகிறாள், தப்புன்னு நீங்களே வந்து சொன்னீங்கோ, வேற எவன் சொல்லுவான் என்றாளாம். அசதியாக இருக்கிறது பாப்பா.

ஆனால் இனிமேல் எண்களை வெளியே வைக்கவே மாட்டேன் என்றாயே, அதுதான் மனதை அறுக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நீ இணையத்தில் திறந்து வைத்ததால்தானே எங்கோ பிரேசிலில் ஒரு மாணவி பார்த்துத் தப்பைச் சொன்னாள்? துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் மூட்டை எண்ணி எழுதினேன், எழுதிய தாளையெல்லாம் பீரோவில் பூட்டிவிடுவார்கள், எத்தனை தப்பு எழுதினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நீயும் பூட்டியிருந்தால் அந்தக் குழந்தை இன்றைக்கும் அதைத்தான் குடித்துக்கொண்டிருக்கும்.

ஆண்டவர் உன்னைத் தாங்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. பத்திரிகையில் வந்த திருத்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே யார் படிப்பார்கள்? பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, பெரிய எழுத்தில், தமிழில் ஒரே பக்கமாக அனுப்பு, பம்பில் நானே ஒட்டுகிறேன். அடியில் உன் பெயரைப் போட மறக்காதே.

உன் அப்பா,
கஸ்பார்