ராக்கெட்டை முடிச்சுட்டுச் சொல்றேன்

மார்ச் 3, செவ்வாய்

அடிக்குழாயையும் நடுக்குழாயையும் இன்று சேர்த்து ஒட்டினேன். பசை காயும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் ஆகாத காரியம். பிடித்தபடியே அறைக்குள் நடந்தேன்.

இதுவரை கப்பல் செய்திருக்கிறேன், விமானம் செய்திருக்கிறேன். ராக்கெட் இதுதான் முதல். நிஜமான ஒரு ராக்கெட்டை நூறில் ஒரு பங்காகச் சுருக்கியது. அட்டைக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, நான்கு இறக்கை. அடியில் மருந்துக் குழாயைச் செருகிப் பற்றவைத்தால் உண்மையாகவே பறக்கும், உச்சிக்குப் போனதும் குடை விரித்து இறங்கும். பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் நேற்று நடந்ததை எழுதாமல் சுற்றிவளைக்கிறேன். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கண்ணாடிக்கடைக்காரர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறாரு. எனக்கு இஷ்டம்தான். நீ என்ன சொல்ற?"

அப்பா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் நானும் அவளும்தான். மூக்குக் கண்ணாடி மாற்றப் போனவள் இப்படி ஒரு சேதியோடு வருவாள் என்று யார் கண்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இந்த ராக்கெட்டை முடிச்சுட்டுச் சொல்றேன்."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். "சரி" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

நான் சொன்னதை அப்படியே போய் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டாராம், "அதுல மொத்தம் எத்தனை உருப்படி?"

மார்ச் 9, திங்கள்

அண்ணன் போன் செய்தான். வெளியூரில் இருந்துகொண்டு கருத்து சொல்வது சுலபம்.

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

"அப்ப நீ வேண்டாம்னு சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது? கூட இருக்கிறவ நீ. நீ சொன்னா சரி."

பந்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "ராக்கெட் எந்த அளவுல இருக்கு?" என்று வேறு கேட்கிறான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேலையிடத்தில் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

கண்ணாடிக்கடைக்காரர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தனுப்பியிருக்கிறார். தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும், சின்ன விளக்கும் உண்டு. "கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம், சீக்கிரம் முடியும்னு சொல்லுங்க" என்றாராம்.

பாவம், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். மாட்டிக்கொண்டு பார்த்த மறு நிமிஷமே, வெறுங்கண்ணுக்கு நன்றாக இருந்ததெல்லாம் அலங்கோலமாகத் தெரிந்தது. நிஜ ராக்கெட்டின் இடுப்பில் நீளநீளமாக வரி ஓடும். புகைப்படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பெட்டிக்காரன் அந்த இடத்தில் வழவழவென்று ஒரு தாளைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறான். ஒட்டியதைப் பிய்த்தேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள் அம்மா.

"பெட்டில கொடுத்தது சரியில்லம்மா."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மார்ச் 22, ஞாயிறு

வரி போட்ட பட்டைகளை நானே செய்துவிட்டேன். பல் கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பதால் வந்த வசதி. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு உறை செய்ய ஓர் இயந்திரம் வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சிப் படியவைக்கும். குச்சிகளை வரிசையாக அடுக்கி அச்சு செய்தேன். வரி கச்சிதமாக விழுந்தது.

முதலாளி கையில் எடுத்துப் பார்த்தார். "இது எந்தப் பேஷண்டுக்கு? முதலையா?"

காரணத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன வயசு?" என்றார். சொன்னேன். "அப்ப சீக்கிரம் முடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

மார்ச் 26, வியாழன்

வெள்ளை அடித்தாயிற்று, கறுப்புக் கட்டங்களும் போட்டாயிற்று. இறக்கை நான்கும் நேர். மிச்சம் ஓர் ஏணி. நகத்தில் பாதி நீளம், பக்கவாட்டில் ஒட்ட வேண்டியது. அதை ஒட்டினால் முடிந்தது.

இடுக்கியில் எடுத்தேன். வைத்தேன். தண்ணீர் குடித்தேன். பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்தேன், காயாததையும் சேர்த்து எடுத்து வந்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

பிறகு கீழே இருக்கும் புகைப் புனல்கள் கண்ணில் பட்டன. பிளாஸ்டிக். பார்த்தாலே பொம்மை என்று தெரிகிறது. உலோகத்தில் வார்த்தால் என்ன? பல்லுக்கு கேப் வார்க்கிற உலோகத்தில் துண்டு துணுக்கு எவ்வளவோ கிடக்கிறது.

ஏணியைப் பெட்டி மூடியில் போட்டுவைத்தேன். மனசு லேசானது. அதுதான் அசிங்கமாக இருக்கிறது — லேசானது.

ஏப்ரல் 2, வியாழன்

ஐந்து புனல்கள். மெழுகில் செதுக்கி, வார்த்து, மெருகேற்றி, பொருத்தியாகிவிட்டது. இந்த ஊரிலேயே கடைவாய்ப்பல் மினுமினுப்போடு இருக்கும் ராக்கெட் இது ஒன்றுதான்.

அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய கண்ணாடியின் ஒரு கால் கழன்றுவிட்டது, திருகாணியைக் காணோம். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கே மேற்பார்வையாளர். கிழிந்த தலையணை உறையைக்கூடத் திருப்பி அனுப்புகிறவள்.

"கடைல கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தருவாரே."

"பதில் இல்லாம எந்த மூஞ்சியோட போறது?" என்றாள். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

போர்வை மடிக்கக் கூப்பிட்டாள். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. பாதி மடித்து எதிரெதிரே வந்தபோது சொன்னாள்:

"அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ நிதானமா ஒட்டு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீம்புக்குச் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்கும், முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்கிற முகம். சாதாரணமாகச் சொன்னாள். என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டு அடுத்த போர்வையை எடுத்தாள்.

நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? முடிச்சுட்டுச் சொல்றேன்னுதானே சொன்னேன். அவளுக்கு என்ன அவசரம்? — இல்லை. அவசரமே படவில்லை. ஒரு மாதம் காத்துக்கிட்டிருந்தா, கடைசில பிளாஸ்திரி சுற்றின கண்ணாடியோட. நான்தான் பொம்மைக்குப் பல்லு கட்டிக்கிட்டிருந்தேன்.

நினைத்தது நடந்துவிட்டது. அவள் எங்கும் போகப்போவதில்லை. அப்புறம் ஏன் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை?

ஏப்ரல் 7, செவ்வாய்

கை ஓடவில்லை. முன்பல்லின் அளவில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிவைத்திருந்தேன் பட்டறையில்.

ஏப்ரல் 11, சனி

பறக்கவிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. மருந்துக் குழாயைச் செருகி, ராக்கெட் சமமாக நிற்கும் இடத்தில் கயிறு கட்டி, தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும். இல்லாவிட்டால் எவன் தலைமேலாவது விழும்.

மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுழற்றினேன். ராக்கெட் திரும்பிக்கொண்டது. வால் முன்னால், மூக்கு பின்னால். மறுபடி சுழற்றினேன். மறுபடியும் அப்படியே. நான் வார்த்த ஐந்து உலோகப் புனலும் வாலில் உட்கார்ந்து இழுக்கின்றன. கனத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. பல்லுக்குக் கனம் ஒரு பொருட்டா? வாயில் மாட்டினால் அது எங்கே பறக்கப்போகிறது?

அம்மா கையில் ஈரத்துண்டோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி, பின்னாடி போகுது?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் அழுதுவிட்டேன். இந்த வயசில், மொட்டைமாடியில், கயிற்றில் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீ போயிட்டா சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் யார்கிட்ட எரிஞ்சு விழறது?"

"போன்ல விழு."

"விளையாடாத."

"எனக்கு மட்டும் பயமில்லையா? இந்த வயசுல இன்னொருத்தர் வீட்ல சாமான் எங்க இருக்குன்னு தேடணும். அந்த மனுஷன் குறட்டை விடுவாரோ என்னவோ." துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "வீடு ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. நீ என்னமோ நான் இதுல ஏறிப் போற மாதிரி அழற."

பிறகு அவளும் கண்ணைத் துடைத்தாள். பிளாஸ்திரி சுற்றிய கால் கையோடு வந்துவிட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

புனல்களைப் பிடுங்கினேன். பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் புனல்களையே திரும்பப் போட்டேன். பிடுங்கியபோது ஓர் இறக்கையும் ஆடிவிட்டது. திரும்ப ஒட்டினேன், இம்மி அளவு சாய்ந்து காய்ந்துவிட்டது. பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தேன், மாட்டவில்லை.

மாடிக்குப் போய்ச் சுழற்றினேன். மூக்கு முன்னால் போனது.

ஏப்ரல் 13, திங்கள்

மதியம் லீவு சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். ஒரு பையில் ராக்கெட். இன்னொன்றில் பூதக்கண்ணாடியும் அம்மாவின் உடைந்த கண்ணாடியும்.

இதுவரை அவரைச் சரியாகப் பார்த்ததே இல்லை. குட்டையான மனிதர், மேல்சட்டைப் பையில் மூன்று திருப்புளி. யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த ஆளிடம் எந்த வரியில் இருந்தோம் என்பதை மறந்து மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னார்.

கடை காலியானதும் ராக்கெட்டை மேசையில் நிறுத்தினேன்.

"முடிஞ்சது சார்."

அவர் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். வரிகளிடம் வந்தபோது நின்று, "இது நீங்களே செஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். இறக்கைக்கு வந்தார்.

"இந்த இறக்கை கொஞ்சம் கோணலா இருக்கேம்மா."

"தெரியும். அப்படியே இருக்கட்டும்."

"பறக்குமா?"

"சுத்திக்கிட்டே போகும். ஆனா மேலதான் போகும்."

தலையை ஆட்டினார். அம்மாவின் கண்ணாடியை எடுத்தார். பிளாஸ்திரியை மெதுவாக உரித்து, பசையைத் துடைத்து, திருகாணி போட்டார். வெறும் ரெண்டு நிமிஷ வேலை. துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்க நினைக்கிறார், கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"அம்மாகிட்ட நான் பேசிடறேன். நீங்களும் இன்னொரு தடவை கேளுங்க. இந்தத் தடவை என்னைக் கேக்காம சொல்லுவா."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"ராக்கெட்டைப் பார்த்தீங்கல்ல" என்றேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

அம்மா காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். நேரம் ஆகவே இல்லை.

மே 8, வெள்ளி

பதிவு அலுவலகம். ஒரு மின்விசிறி, நீள பெஞ்சு, எங்களுக்கு முன்னால் இரண்டு ஜோடிகள். அண்ணன் வந்திருந்தான், இஸ்திரி போட்ட சட்டையில். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றானே, மொத்தமே நாலு பேர்தான் போயிருந்தோம்.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேனாவை வாங்கினேன். என்னவோ கை நின்றுவிட்டது. எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா என் காதோரம் குனிந்தாள்.

"என்ன, முடிச்சுட்டுச் சொல்றியா?"

அண்ணனுக்குக் கேட்டுவிட்டது, அவன் சிரிப்பை அடக்க இருமினான். நான் கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்தது.

மே 10, ஞாயிறு

ஒருத்திக்குச் சமைக்க எவ்வளவு அரிசி போடுவது என்று போன் செய்து கேட்டேன். எரிந்தும் விழுந்தேன். இருந்தாலும் வீடு ரொம்பச் சத்தமில்லாமல் இருக்கிறது. ஃபிரிட்ஜ் ஓடுவது கேட்கிறது.

மே 17, ஞாயிறு

ஊருக்கு வெளியே காலி மைதானம். அவர் தன் பழைய காரில் எங்களைக் கூட்டிப்போனார். குடையை மடித்தது அம்மா. சரியாக மடிக்காவிட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்று சொன்னதற்கு, "போர்வை மடிக்கிறவகிட்டயே சொல்றியா" என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பொத்தானை அழுத்தினேன். ஒரு சீறல். சுழன்றுகொண்டேதான் போனது, ஆனால் மேலேதான் போனது. என் கண்ணுக்குத் தப்பிவிட்டது, அவர் கண்ணுக்கும் தப்பிவிட்டது. அம்மாதான் விரலை நீட்டி, "அதோ, விரிஞ்சிடுச்சு" என்றாள். புதுத் திருகாணி போட்ட கண்ணாடி. காற்று குடையை மைதானத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே அதைத் தேடிப் போனார்கள். நான் பின்னால் மெதுவாக நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தபோது பெட்டி மூடியில் அந்த ஏணி கிடந்தது. ஒட்டவே இல்லை நான். அவருடைய பூதக்கண்ணாடியிலும் அது இல்லாதது தெரியவில்லை.